சஹாராவைக் கடக்கும் சிறுபுறா



ஐரோப்பாவின் புறா இனங்களுள் நெடுந்தொலைவு வலசை செல்வது ஒன்றே. ஆங்கிலேயர் அதனை 'டர்ட்டில் டவ்' என்பர். அதன் குரலொலியைக் கொண்டே இலத்தீன் மொழியினர் 'டர்டர்' எனப் பெயரிட்டனர். எடை ஏறத்தாழ 140 கிராம். இளவேனிலில் ஐரோப்பாவில் கூடு கட்டும் அச்சிறுபறவை, கோடை முடிந்ததும் பெரும்பாலும் இரவில் பறந்து, மத்தியதரைக் கடலையும் சஹாராப் பாலையையும் கடந்து, ஆப்பிரிக்காவின் சாஹேல் நிலப்பகுதியை அடைகிறது.

விதைகளே அதன் உணவு. ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். தீனிப்பையில் சுரக்கும் பாலை இரண்டுமே குஞ்சுகளுக்கு ஊட்டும்.

வயல்களில் களைக்கொல்லி பெருகவே விதை அருகியது. பருவந்தோறும் கட்டும் கூடுகளும் குறைந்தன. பிரிட்டனில் 1970களில் வாழ்ந்தவற்றுள் இன்று நூற்றுக்கு ஐந்துகூட எஞ்சவில்லை. வலசைப் பாதையிலோ வேட்டைக்காரர் துப்பாக்கியுடன் காத்திருந்தனர். 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

2021இல் பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் இவ்வேட்டை நிறுத்தப்பட்டது. இழந்த விதைநிலம் அதற்குள் மீண்டுவிடவில்லை. ஆயினும் சில ஆண்டுகளிலேயே மேற்குப் பாதைப் புறாக்கள் பெருகத் தொடங்கின. அப்பெருக்கத்தையே காரணமாகக் காட்டி, 2025இல் அளவு வகுத்து வேட்டைக்கு மீண்டும் இசைவளிக்கப்பட்டது.

கெட்ட நிலத்தைத் திருத்தப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். கொல்லாதிருத்தலுக்கோ ஒரு முடிவே போதும். அதன் பயனை அப்புறாக்கள் நான்கே ஆண்டுகளில் காட்டிவிட்டன. அம்முடிவில் நிலைத்து நிற்பதே அரிது.