ஆபீஸ் வாசலில் மாட்டிய கேமரா

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன் வசூல் பற்றியோ தரம் பிரித்தல் பற்றியோ நாங்கள் பேசப்போவதில்லை. நம்ம கூட்டமைப்பு ஆபீஸில் நடந்த ஒரு விஷயத்தை உங்ககிட்ட ஒப்புக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம். இதில் தப்பு எங்க பக்கம். அதனால் முழுசா கேட்டுவிட்டு, அப்புறம் திட்டுங்க.

ஆபீஸில் பேட்டரி திருடு போனபின் கேமரா வைக்கணும்னு நாமே தீர்மானம் போட்டோம், ஞாபகம் இருக்கும். ஒருத்தர் வந்து நாலு கேமரா மாட்டினார். வாசல் பக்கம் இருக்கிற ஒன்று மட்டும் சுழலும் கேமரா. வீட்டில் இருந்தபடியே செல்போனில் பார்க்கலாம்னு சொன்னார். பாஸ்வேர்டு என்கிற கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்டதுக்கு, "அதெல்லாம் கம்பெனியே போட்டுக் குடுத்திருக்கும்மா, நீங்க தொட வேண்டாம்" என்றார். நாங்களும் தொடவில்லை. சேமிப்புப் பணம் வைக்கிற இரும்புப் பெட்டிக்கு மூன்று பேரிடம் மூன்று சாவி குடுத்து வைத்திருக்கிற நாம், இதை அப்படியே விட்டோம்.

போன மாதம் ஆபீஸ் கூட்டுகிற அக்கா, "இந்தக் கேமரா தினமும் வாசலைப் பாத்துட்டு இருக்கும். ரெண்டு நாளா காலைல வந்தா கூடத்தைப் பாத்துட்டு இருக்கு" என்றாங்க. எலி தட்டியிருக்கும்னு நாங்கள் சிரித்தோம். கூடம் என்பது நீங்க பயிற்சிக்கு வந்தால் உட்காருகிற இடம். கைக்குழந்தையோடு வருகிறவங்க ஓரமா திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்கிற இடமும் அதுதான். மூன்றாவது தடவையும் அந்த அக்கா சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நம்ம உறுப்பினர் ஒருத்தரோட மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம்.

அவள் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். கேமரா பெட்டியில் என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு அச்சடித்து வந்ததோ அதுவே இன்னமும் இருக்கிறது. நம்ம ஆட்கள் யாரும் திறக்காத நேரத்தில், நடுராத்திரியில், வெளியே இருந்து யாரோ உள்ளே வந்து போயிருப்பதும் அதன் பதிவில் தெரிந்தது. யார், எந்த ஊர் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

கேமராவோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

ஆபீஸில் வைஃபை பெட்டி ஒன்றுதான். கணக்காளர் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, எங்க செல்போன்கள் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் இணையத்துக்குப் போகுது. ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற நாலு வீடு மாதிரி. தெருவில் இருந்து முன்பின் தெரியாத ஆள் வந்தால் வெளி கேட்டில் தடுப்பாங்க. ஆனால் உள்ளே ஒரு வீட்டில் இருந்து பக்கத்து வீட்டுக்கு வருகிறவரை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. "நம்ம காம்பவுண்டு ஆள்தானே"ன்னு கதவைத் திறந்தே வைப்போம். வைஃபை பெட்டியும் அப்படித்தான். கேமராவைப் பிடித்தவன் அப்பவே உள்ளே வந்த ஆள் ஆகிவிடுகிறான். அங்கிருந்து பக்கத்தில் என்னென்ன இருக்குன்னு தட்டிப் பார்க்கலாம்.

நம்ம கணக்காளர் கம்ப்யூட்டரில் உறுப்பினர் விவரம் வைத்திருக்கிற பகுதி, பிரிண்டர் வேலைக்குச் சுலபமா இருக்கட்டும்னு, பாஸ்வேர்டு இல்லாமல் திறந்தே கிடந்தது. உங்க ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், போன் நம்பர், யாருக்கு எவ்வளவு உள்கடன், யாருக்கு எவ்வளவு வங்கிக் கடன், எல்லாம் அதில்தான் இருக்கு. அவன் அதைத் தொட்டானா இல்லையா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டிருந்தால் தடுக்கிற பூட்டு அங்கே இல்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

கேமரா எப்படி இந்த வேலையெல்லாம் செய்யும்னு சிலர் நினைக்கலாம். இணையத்தோடு இணைகிற கேமரா, டி.வி., பல்பு, வைஃபை பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கு. கம்ப்யூட்டரை விட்டு வைக்காதவன் இதையும் விட்டு வைக்க மாட்டான். 2016-ல் அமெரிக்காவில் மிராய் என்று ஒரு நிரலை உருவாக்கினாங்க. செய்தது மூன்று இளைஞர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு நடத்துகிறவங்களுக்குள் இருந்த போட்டியில்தான் அது ஆரம்பித்தது. அந்த நிரல் செய்த வேலை ரொம்பச் சாதாரணம். இணையத்தில் இருக்கிற கேமராக்களையும் வைஃபை பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, கம்பெனிகள் வழக்கமாகப் போட்டு அனுப்புகிற அறுபதுக்கு மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். திறந்தால் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. சொந்தக்காரங்க யாருக்கும் தெரியாது, ஏன்னா கேமராவில் படம் வழக்கம்போல தெரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு அந்த நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே போட்டாங்க. 2016 அக்டோபர் 21 அன்று, இப்படிப் பிடிபட்ட கருவிகள் பலவற்றை ஒரே நேரத்தில் டைன் என்கிற ஒரு நிறுவனத்தின் மேல் ஏவிவிட்டாங்க. இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அது எங்கே இருக்குன்னு வழிகாட்டுகிற நிறுவனம் அது. சின்ன ரேஷன் கடை வாசலில் ஒரே நேரத்தில் லட்சம் பேர் வந்து நின்றால் உண்மையான கார்டுதாரர் உள்ளே போக முடியுமா? அதேதான். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரிய தளங்களைக்கூட அமெரிக்காவில் பல பேரால் மணிக்கணக்கில் திறக்க முடியவில்லை. எங்கேயோ யாரோ வீட்டில் மாட்டிய மலிவான கேமராக்கள் செய்த வேலை. அந்த மூன்று இளைஞர்களும் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டாங்க.

நம்ம நாட்டிலும் நடந்திருக்கு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு வைரஸ் தாக்கி ஆயிரக்கணக்கானவை வேலை செய்யாமல் போயின. மோடத்தோடு வந்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கன்னு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டாங்க.

இன்னொன்று சொல்ல எங்களுக்கே மனசு கனக்குது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனை. பெண்களைப் பரிசோதிக்கிற அறைக்குள் இருந்த கேமராவின் காட்சிகளை வெளி ஆட்கள் திருடி இணையத்தில் போட்டு, காசுக்கு விற்றிருக்காங்க. 2025 பிப்ரவரியில் அது வெளியே வந்து போலீஸ் கைது செய்தது. அங்கேயும் கேமராவுக்கு எளிதில் ஊகிக்கக்கூடிய பழைய பாஸ்வேர்டே இருந்ததாகச் செய்திகள் வந்தன. பாஸ்வேர்டு ஒருபுறம் இருக்கட்டும், அந்த அறைக்குள் கேமரா எதுக்கு என்று யாரும் கேட்காமல் விட்டதுதான் எங்களுக்கு முதல் தப்பாகத் தெரியுது. நம்ம கூடத்தையும் அதோடு சேர்த்து நினைத்தோம். அன்றைக்கே அந்தச் சுழலும் கேமராவைக் கழற்றிவிட்டோம். வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்க்கிற மாதிரி சுழலாத ஒன்று போதும்.

இதுவரை நாங்கள் செய்தது என்னன்னா, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். வைஃபை பெட்டிக்கும் மீதி மூன்று கேமராக்களுக்கும் பாஸ்வேர்டை மாற்றினோம். கேமராவை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதாதா என்று நம்ம பொருளாளர் கேட்டாங்க, நல்ல கேள்வி. மிராய் மாதிரியானவை கருவியை நிறுத்தினால் அழிந்துவிடும், உண்மைதான். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். மாற்றுவது ஒன்றுதான் வழி. வெளியே இருந்து செல்போனில் பார்க்கிற வசதியை நிறுத்திவிட்டோம், யாரும் அதை ஒரு நாளும் சரியா பார்த்ததில்லை. கேமராவுக்குத் தனி வைஃபை, கணக்கு கம்ப்யூட்டருக்குத் தனி வைஃபை என்று பெட்டியிலேயே பிரிக்கலாமாம். அந்தப் பொண்ணு பிரித்துக் கொடுத்துவிட்டாள். உறுப்பினர் விவரத்துக்கும் பூட்டுப் போட்டாச்சு.

புது பாஸ்வேர்டை எழுதி, ஒட்டி, தலைவி, செயலாளர் கையெழுத்தோடு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். மாட்டுகிறவர் கையில் இனி இருக்காது.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. உங்க குழு பெயர், கடன் தொகை, தவணை தேதி எல்லாம் சரியாகச் சொல்லி யாராவது போன் செய்தால், "இவ்வளவு விவரம் தெரிந்தவர் பேங்க் ஆள்தான்"னு நம்பிவிடாதீங்க. அந்த விவரம் நம்ம ஆபீஸில் இருந்தே போயிருக்கலாம். ஓ.டி.பி. எண் கேட்டால் போனை வைத்துவிட்டு உங்க ஊக்குநரிடம் சொல்லுங்க. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கு. உங்க வங்கிப் புத்தகத்தைப் பதிவு போட்டுக் கொண்டு வாங்க. இதுவரை கொண்டு வந்தவங்க கணக்கில் எதுவும் குறையவில்லை. இன்னும் பாதிப் பேர் கொண்டு வரவில்லை.

மகன் வெளிநாட்டில் இருந்து பார்க்கணும்னு வீட்டில் கேமரா மாட்டினவங்க, மாட்டுக் கொட்டகையில் மாட்டினவங்க நம்ம குழுக்களிலேயே இருக்கீங்க. ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிற நம்ம அக்கா வீட்டில் தம்பி ஆன்லைன் வகுப்பு படிப்பதும், அக்கா செல்போனில் குழுப் பணம் அனுப்புவதும், பண்ணைக் கேமராவும் ஒரே வைஃபைதான். இனிமேல் வாங்குறவங்க ரோட்டோரக் கடையில் பெயர் தெரியாததை வாங்காதீங்க. 2025 ஏப்ரல் 9 முதல் நம்ம நாட்டில் விற்கிற கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்னு மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கு. சான்று இருக்கான்னு கடைக்காரரைக் கேளுங்க, கேட்பதற்குக் காசு இல்லை. இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் இருந்தே ஊகிக்க எளிதான பாஸ்வேர்டோடு இந்தக் கருவிகளை விற்கக் கூடாதுன்னு சட்டம்.

ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழு முழுசுக்கும் அடுத்த கடன் நிற்கும். அது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே வைஃபையில் இருக்கிற கருவிகளுக்கும் அதே கணக்குதான்.

இன்றைய தீர்மான நோட்டில் இரண்டு விஷயம் எழுதச் சொல்லிக் கேட்கிறோம். நடந்ததை உறுப்பினர்களுக்குத் தெரிவித்தோம் என்பது ஒன்று. பயிற்சிக் கூடத்துக்குள் இனி கேமரா கிடையாது என்பது இன்னொன்று. கேள்வி இருந்தால் இப்பவே கேளுங்க, கோபம் இருந்தாலும் இப்பவே.

அந்தப் பாலிடெக்னிக் பொண்ணு அடுத்த கூட்டத்துக்கும் வருகிறேன்னு சொல்லியிருக்கிறாள். வீட்டில் கேமராவோ வைஃபை பெட்டியோ இருக்கிறவங்க, அதன் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து எழுதிக்கொண்டு வாங்க, எப்படி மாற்றுவதுன்னு ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்லித் தருவாள். புதுசா என்ன பாஸ்வேர்டு வைக்கப்போறீங்கன்னு மட்டும் கூட்டத்தில் சத்தமா சொல்லிடாதீங்க.