உறுதியான எலும்பு ஒடிவது ஏன்?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேசவிருக்கும் நோயின் பெயர் பிக்னோடைசோஸ்டோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். மரோத்தோ, லாமி என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் 1962-இல் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார்கள். பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வருவது. இத்தனை அரிதானதை ஏன் பேச வேண்டும்? சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களில் இது தலைகாட்டுகிறது. நாம் அப்படிப்பட்ட ஜனங்கள்.

நம் எலும்பில் பழையது கரைந்து புதியது சேர்ந்துகொண்டே இருக்கிறது. பழையதைக் கரைக்கும் கெத்தெப்சின் கே என்ற நொதி இவர்களுக்குக் குறைவு. அதற்கான மரபணுவை 1996-இல் கண்டறிந்தார்கள். பழைய எலும்பு போகாமல் தேங்குவதால் எக்ஸ்ரே படத்தில் எலும்பு அடர்ந்த வெள்ளையாகத் தெரியும். பார்வைக்குக் கெட்டி, ஆனால் சிறு விழுதலிலும் ஒடியும், பெரும்பாலும் காலில்.

அடையாளங்களைத் தாய்மாரே கவனிக்கலாம். பிள்ளை வளர்த்தியில் பின்தங்கும். ஒன்றரை வயதுக்குள் மூடவேண்டிய உச்சிக்குழி பெரியவரான பின்பும் திறந்தே இருக்கும். நெற்றி புடைத்து, தாடை உள்வாங்கியிருக்கும். விரல் நுனிகள் குட்டையாக இருக்கும். பால்பல் விழாமலே அடுத்த பல் முளைத்து நெருக்கியடிக்கும். அறிவில் குறைவு கிடையாது. இதை ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டும், உருவத்தைப் பார்த்துக் கடைசி பெஞ்சில் தள்ளிவிடுகிறார்கள்.

பிரான்சின் அல்பி நகரில் 1864-இல் பிறந்த ஓவியர் துலூஸ் லோத்ரெக்கிற்கு 13, 14 வயதுகளில் இரண்டு தொடை எலும்புகளும் ஒவ்வொன்றாக ஒடிந்தன. அவருக்கு இருந்தது இந்த நோயே என்று அதே மரோத்தோவும் லாமியும் பின்னர் எழுதினார்கள். எல்லா மருத்துவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் அவர் குடும்பத்தைக் கேளுங்கள்: தாயும் தகப்பனும் அக்காள் தங்கை பிள்ளைகள். தாயின் அண்ணன் தம்பியரில் ஒருவர் தகப்பனின் சகோதரியை மணந்தார். நம்மூரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்போமே, அதேதான். அந்த வீட்டுப் பிள்ளைகளிலும் சிலர் குள்ளமாகவே இருந்தார்கள்.

பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவர் சுகமாகவே இருப்பார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே, "உன் வயிற்றுக் கோளாறு" என்று மருமகளைக் குத்துகிற மாமியாரிடம், "அம்மா, உங்கள் மகனிடமிருந்தும் பாதி வந்திருக்கிறது" என்று நான் தயங்காமல் சொல்லுகிறேன். சிலர் அதன்பின் என்னோடு பேசுவதில்லை. அந்த வீட்டில் அடுத்த பெண்ணையும் தாய்மாமனுக்கே பேசி முடிக்குமுன் ஒரு மரபியல் மருத்துவரிடம் போகச் சொல்லுகிறேன். அதற்கும் முகம் சுளிக்கிறார்கள்.

நோயை வேரோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஒடிந்ததைச் சரியாகக் கட்டுவதும், அடுத்த முறிவைத் தடுப்பதுமே வைத்தியம். உங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு இரண்டாம் முறை கால் ஒடிந்தால், எண்ணெய்க் கட்டோடு நிறுத்தாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இந்நோய் உள்ள பிள்ளைக்கு அவசரப்பட்டுப் பல் பிடுங்கக்கூடாது. தாடை எலும்பில் சீழ் பிடித்துவிடும். மயக்க மருந்து கொடுப்பவரிடமும் நோயின் பெயரை முன்னதாகவே சொல்லிவிடவேண்டும், சிறுத்த தாடையில் மூச்சுக்குழாய் போடுவது கடினம். பெயரை ஒரு தாளில் எழுதி, தாயின் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.