கல்மணியும் வெள்ளிக் கம்பியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் வெள்ளியைப் பற்றிப் பேசுவது பொருத்தமே என்று எண்ணுகிறேன். கல்மணிகளை வெள்ளிக் கம்பியில் கோத்து அணிகலன் செய்யும் கைத்தொழிலே என் பொருள். பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிட வேண்டா. கல்மணிக்கும் வெள்ளிக்கும் நம் மக்களோடு ஒரு பழைய வழக்கு உண்டு.

திருவிதாங்கூரில் புலையர் குலப் பெண்கள் கல்மாலை அணிந்தே தீரவேண்டும் என்பது ஊர்க் கட்டளை. அழகுக்காக அன்று, இன்ன சாதி என்று தொலைவிலேயே அறிவதற்காக. 1915ஆம் ஆண்டு அய்யன்காளியின் அழைப்பை ஏற்றுக் கொல்லத்தில் கூடிய பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தனர். இப்பக்கம் இராமநாதபுரத்திலோ, 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது என்பது அவற்றுள் முதலாவது. ஓரிடத்தில் அணி என்றார்கள். மற்றோரிடத்தில் அணியாதே என்றார்கள். நம் கழுத்தில் எது இருக்கவேண்டும் என்பதை இரண்டிடத்திலும் பிறரே முடிவு செய்தார்கள்.

இத்தொழில் பிறப்பால் வருவது என்று கருதுவோரும் உளர். ஈரோடு மாவட்டம் நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் சூதுபவளம், பளிங்கு முதலிய கற்களின் முற்றுப்பெற்ற மணிகளும், அரைகுறை மணிகளும், செதுக்கிய சில்லுகளும் ஒருங்கே கிடைத்தன. அங்கேயே பட்டறை இருந்ததென்பது தெளிவு. அம்மணிகளுக்குத் துளையிட்ட கைகள் எக்குலத்தவை என்று எந்தக் கல்லும் கூறவில்லை.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். உலையும் ஊதுகுழலும் இதற்கு வேண்டா. பொடி வைத்து ஊதும் வேலையும் இல்லை. வட்டமுனைக் குறடு, தட்டைமுனைக் குறடு, வெட்டுக் குறடு ஆகிய மூன்று போதும். தனி வெள்ளி மிக மென்மையானது. 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சியது செம்புமாகக் கலந்த கம்பியே வளையத்தின் வடிவைத் தாங்கும். 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியில் 7 சென்டிமீட்டர் நறுக்கி, ஒரு முனையை வட்டமுனைக் குறட்டில் சுற்றி வளையமாக்குக. எஞ்சும் வாலை வளையத்தின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நறுக்கி, நுனி தோலைக் கீறாதவாறு அழுத்துக. பின்னர் மணியைக் கோத்து மறுமுனையிலும் அவ்வாறே செய்க. அடுத்த துண்டின் வளையத்தை முடுமுன் இதனோடு மாட்டிவிட்டால் சங்கிலி வளரும். வளைத்ததைப் பலமுறை நிமிர்த்த வேண்டா. வளைக்க வளைக்க உலோகம் விறைத்து முறியும்.

கல்லை வாங்கும்போது சாயக் கண்ணாடி கலந்திருக்கக் கூடும். சூதுபவளமும் பளிங்கும் கண்ணாடியைக் கீறும். கண்ணாடி மணி அவற்றைக் கீறாது. இராசிக்கல் என்று சொல்லி விலையேற்றுவோரிடம் நமக்கு வேலையில்லை.

இப்போது கணக்கு. கணக்கு ஆசிரியன் அதனை விடமுடியுமா? நாற்பது மணி மாலைக்குக் கம்பி 2.8 மீட்டர், எடை ஏறத்தாழ 8 கிராம். வாங்குபவர் அந்த 8 கிராமுக்கே விலை பேசுவார். எண்பது வளையங்களை ஒரே அளவில் முறுக்கிய உழைப்பு தராசில் ஏறாது. ஆகவே கம்பி, மணி, கூலி என மூன்றையும் பட்டியலில் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தால்தான் கூலியைத் துணிந்து சொல்லமுடியும். நம் பெண்கள் இங்கேதான் தயங்குகின்றனர்.

செய்த மாலையை ரப்பர் வளையத்தோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டா. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும். மூன்று குறடுகளையும் சிறிது செம்புக் கம்பியையும் கொண்டுவந்திருக்கிறேன். முதல் ஐம்பது வளையங்களைச் செம்பிலேயே பழகலாம். விருப்பமுள்ளோர், ஆண்பிள்ளைகள் உட்பட, உணவு இடைவேளையில் மேடைக்குப் பின்புறம் வாருங்கள்.