பச்சைக் கிழங்கு ஓர் எச்சரிக்கை

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



உருளைக்கிழங்கு நல்ல உணவு. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் விளையும் இக்கிழங்கு, சமவெளியில் ஏழை எளியவர் அடுப்பிலும் வேகிறது. அதில் நஞ்சும் உண்டு என்று நான் கூறினால் நீங்கள் வியப்படையலாம். அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அறிந்திருக்க வேண்டும்.

கத்தரி, தக்காளி, மிளகாய், சுண்டை ஆகியவையும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. புகையிலையும் ஊமத்தையும் அக்குடும்பமே. பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இச்செடிகள் நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன. உருளைக்கிழங்கில் உண்டாவன சோலனின், சாகோனின் என்பவை. இலை, பூ, காய், முளை ஆகியவற்றில் இவை மிகுதி, தோலில் ஓரளவு, சதையில் மிகக் குறைவு. ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு.

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிறது. அந்தப் பச்சை இலைகளில் உள்ள பச்சையமே, அதனால் தீங்கில்லை. ஆயினும் அதே வெளிச்சத்தில் நஞ்சும் பெருகுகிறது. வேகவைத்தால் அது போய்விடும் என்று எண்ணுவது தவறு.

இங்கிலாந்தில் ஒரு பள்ளியில், கோடை விடுமுறைக்கு முன் மிஞ்சிய மூட்டைக் கிழங்கை விடுமுறைக்குப் பின் சமைத்துப் பரிமாறினர். 78 மாணவர்கள் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நல்வினையாக யாவரும் பிழைத்தனர். 1979-இல் இச்செய்தி மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. நம் ஊர்ச் சத்துணவுக் கூடங்களுக்கும் விடுமுறை உண்டு. மிஞ்சும் மூட்டையும் உண்டு. ஆதலின் பள்ளி திறக்கும் நாளில் உறுப்பினர்கள் நேரில் சென்று மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விவசாயிகள் கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைத்து வரவேண்டும். எடுத்த கிழங்கை வெயிலில் கிடத்தாமல், இருட்டும் குளிர்ச்சியும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். பச்சையான கிழங்கு வீணன்று. நோயற்றதாயின் விதைக்கு உதவும். அதையும் செடியையும் மாடுகளுக்குப் போடலாகாது. செடியின் காய் தக்காளிப் பிஞ்சு போலிருக்கும். சிறுவர் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் முளையையும் முளைக்கண்ணையும் ஆழமாகத் தோண்டி எறிய வேண்டும். சிறிது பச்சையெனில் அப்பகுதியைத் தடிப்பாகச் சீவிவிடலாம். பெரும்பகுதி பச்சையாயினும், சுவை கசந்தாலும், அக்கிழங்கை உண்ணலாகாது. இரண்டு ரூபாய்க் கிழங்கைக் காக்கப் போய்க் குழந்தையின் உடல்நலத்தைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது.

இச்செய்தியை உங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிற்கும் எடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன்.