செவ்வாயில் ஒரு மலையடிவாரம்



வலியறிதல், காலமறிதல் என்னும் இரண்டையும் கூறிய வள்ளுவர், அவற்றை அடுத்து இடனறிதல் என்றோர் அதிகாரத்தை வகுத்தார். ஆற்றலும் காலமும் வாய்த்திருந்தும் இடம் பிழைத்தால் வினை பிழைக்கும் என்பது அவ்வைப்பு முறையிலிருந்தே விளங்கும். அரசர்க்கும் படைக்கும் சொல்லப்பட்ட அந்நெறி, செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு பொறிவண்டியை அனுப்பியவர்களுக்கும் எவ்வாறு பொருந்திற்று என்பதை இன்று சிறிது நோக்குவோம். யான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். கலைப் பாடங்களைக் கற்றுக் கற்பித்து வந்தவன். எனினும், நெடுங்காலத்துக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஏட்டை எவ்விடத்தில் நின்று படிப்பது என்பதே இங்கு வினாவாதலின், இது கலைத்துறையாருக்கும் உரிய பொருளே ஆகும்.

அந்த ஏடு யாது? ஆறு சுமந்துவரும் மணலும் சேறும் நீரோட்டம் தளரும் இடத்திற் படிகின்றன. பருத்த மணல் முதலில் தங்கும். நுண்ணிய களி அப்பாற் சென்று அமைதியான நீரில் தங்கும். ஒரு பெருக்கின்மேல் இன்னொரு பெருக்கு வர, படையின்மேற் படை ஏறும். விக்டோரியா நீர்த்தேக்கம் வறட்சியில் வற்றிப் பழைய தெல்தெனிய நகரின் இடிபாடுகள் வெளித்தோன்றும் காலங்களில், அங்கே சேறு படிந்து வெடித்துக் கிடப்பதைக் கண்டிப் பகுதி மக்கள் கண்டிருப்பர். அத்தகைய சேறு நெடுங்காலம் அழுந்தி இறுகினால் அடையற் பாறையாகும். அடியில் உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. அங்கே நின்றது ஏரியா, ஓடியது ஆறா, நீர் நன்னீரா உவர்நீரா, பின்னர் அது எவ்வாறு வற்றிற்று என்பவற்றையெல்லாம் அப்படைகளின் மணியும் நிறமும் கனிப்பொருளும் சொல்லும்.

ஆயின், கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இவ்வேட்டைப் படிக்க முயல்வோர் அதன் எழுத்துகள் பெரிதும் அழிந்திருக்கக் காண்பர். திகனைப் பகுதியிற் காணப்படும் பளிங்குக்கல் ஒரு காலத்திற் சுண்ணாம்புப் படிவாய் இருந்தது. மலைமுகடுகளில் வெண்ணிறமாய்த் தோன்றும் குவாட்சைட்டு முன்னர் மணலாய் இருந்தது. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கண்டத் துண்டங்கள் ஒன்றோடொன்று மோதியபோது, அவை நிலத்தின் ஆழத்தில் அழுந்தி வெந்து உருமாறின. பெயரளவில் ஏடு எஞ்சிற்று, எழுத்து உருகிவிட்டது. பூமியில் மிகப் பழைய பாறைகள் பெரும்பாலும் இக்கதியையே அடைந்தன. உயிர் தோன்றிய தொடக்க காலத்தைப் பற்றிய சான்றுகள் நமக்கு அரியனவாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செவ்வாயின் நிலை வேறு. அங்கே கண்டங்கள் நகர்ந்து மோதவில்லை. ஆதலால், 350 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய படைகள் இன்றும் வேகாமலும் மடியாமலும் கிடக்கின்றன. நம் மலைகள் இழந்துவிட்ட காலத்து ஏடுகளை அம்மலைகள் வைத்திருக்கின்றன. உயிரின் மூலப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் புதியதும் அன்று. 1969 இல் அவுஸ்திரேலியாவில் வீழ்ந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் உள்ளன என 1970 இல் வெளியிட்ட அறிஞர் குழுவில் இலங்கையரான பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும முதன்மையானவருள் ஒருவர். கண்டி ஹந்தானையில் இயங்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்குப் பின்னர் அவர் பணிப்பாளராகவும் விளங்கினார். விண்ணிலிருந்து வீழ்ந்த கல்லில் அவர் தேடியதையொத்த சேதனப் பொருள்களைச் செவ்வாயின் சேற்றுப் பாறையிலே தேடுவது அடுத்த தலைமுறையின் பணியாயிற்று.

தேடுவதற்கு முன் இறங்க வேண்டும், இறங்குவதோ எளிதன்று. மலைநாட்டில் வீடு கட்ட நிலம் பார்ப்பவரின் இடர் இங்கும் உண்டு. சமதரை பாதுகாப்பானது, ஆனால் ஊற்றும் விளைநிலமும் சரிவுகளை ஒட்டியே இருக்கும். செவ்வாயின் வளி அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. வேகத்தைத் தணிக்கப் போதிய காற்று வேண்டுமாயின் தாழ்வான நிலத்தையே நாட வேண்டும். கடுங்குளிரைத் தவிர்க்க நடுக்கோட்டுக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். பெருங்கற்களும் செங்குத்தான சரிவுகளும் ஆகா. ஆனால், படைகள் வெளித்தெரிவதோ வெட்டுண்ட சரிவுகளிலும் மலைப் பக்கங்களிலுமே. அறிவு வேண்டிய இடமும் அச்சமற்ற இடமும் ஒன்றாய் அமைவது அரிது.

முன்னைய அனுபவங்களும் எச்சரிக்கையாய் இருந்தன. 1976 ஆம் ஆண்டு யூலை 4 இல், அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிய நாளில், வைக்கிங் 1 கலத்தை இறக்கத் திட்டமிட்டிருந்தனர். சுற்றிவந்த கலம் அனுப்பிய படங்களில் நிலம் கரடாய்த் தோன்றவே, விழா நாளைக் கைவிட்டு வேறிடம் தேடி, யூலை 20 இல் இறக்கினர். 2004 இல் ஸ்பிரிற் என்னும் வண்டியைக் குசெவ் பள்ளத்தில் இறக்கினர். பெரிய ஆற்றுப் பள்ளத்தாக்கொன்று அதனுட் புகுவதால், அங்கே ஏரிப் படிவு கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. வண்டி இறங்கிய சமவெளியிற் கண்டதோ எரிமலைக் கற்குழம்பு இறுகிய பாறை. பின்னர்த் தொலைவிலிருந்த குன்றுகளை அடைந்தபோதே நீரின் சுவடுகள் கிடைத்தன. மேலிருந்து பார்த்து ஊகித்தது கீழே பொய்க்கலாம் என்பது அன்று தெளிவாயிற்று.

இவற்றை மனத்திற்கொண்டே கியூரியோசிற்றி என்னும் வண்டிக்கு இடம் தேடப்பட்டது. ஏறத்தாழ 900 கிலோகிராம் நிறையும் 250 கோடி டொலர் அளவு செலவும் கொண்ட முயற்சி அது. இறங்குவது ஒரே முறை. பிழைத்தால் மறுமுறை இல்லை. 2006 இல் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்கள் ஏறத்தாழ 30 இடங்களை ஆராயத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே செவ்வாயை அடைந்து சுற்றத் தொடங்கிய கலமொன்று மேசையளவான கற்களையும் காட்டும் படங்களை அனுப்பிற்று. எவரும் தம் இடத்துக்காக வாதாடலாம், எவரும் மறுக்கலாம். ஐந்து முறை அவை கூடிற்று. 2008 இல் நான்கு இடங்கள் எஞ்சின. எபர்சுவால்டில் ஆற்றின் கழிமுகம் ஐயமின்றித் தெரிந்தது. ஹோல்டனில் ஏரிப் படிவு இருந்தது. மோர்த் பள்ளத்தாக்கில் மிகப் பழைய களி நிறைந்திருந்தது. நான்காவது, கேல் பள்ளம்.

கேல் பள்ளத்தின் விட்டம் 154 கிலோமீற்றர். அதன் பரப்பு இலங்கையின் காற்பங்கினும் அதிகம். அதன் நடுவே, பிதுருதலாகலையின் உயரத்தைப்போல் இரு மடங்காய், ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயர்ந்து நிற்பது ஷார்ப் மலை. அம்மலை முழுவதும் படைகளே. அடிவாரத்திற் களிக் கனிப்பொருள்கள். அவற்றின்மேற் கந்தக உப்புகள். நீர் மிகுந்த காலமும் நீர் வற்றிய காலமும் ஒரே மலையில் அடுக்கப்பட்டிருந்தன.

ஆனால், வலுவான மறுப்பொன்றும் எழுந்தது. அப்படைகள் ஏரியில் உண்டானவை என்பதற்கு அப்போது உறுதியில்லை. காற்றுக் கொணர்ந்த தூசியாகவும் இருக்கலாம் என்றனர். எபர்சுவால்டிலோ அத்தகைய ஐயம் இல்லை. அப்படியாயின், ஐயமற்ற ஒரு பக்கத்தைப் படிப்பதா, ஐயத்துக்குரிய ஒரு முழுச் சுவடியைப் படிப்பதா? நான்கு இடங்களும் இறங்கத் தக்கவை எனப் பொறியியலாளர் கூறியபின், முடிவு இக்கேள்வியில் வந்து நின்றது. 2011 யூலை 22 இல் கேல் அறிவிக்கப்பட்டது. ஓர் ஊகம் பொய்த்தாலும் அடுத்த படை வேறொன்றைக் கற்பிக்கும் என்பதே அம்மலைக்கு இருந்த பெருஞ்சிறப்பு.

இறங்குவதற்கென வகுத்த நீள்வட்டம் 20 கிலோமீற்றர் நீளமும் 7 கிலோமீற்றர் அகலமும் உடையது. ஏறத்தாழக் கண்டிக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட தூரமே அதன் நீளம். 2012 ஆகத்து 6 ஆந் திகதி, நம் நேரப்படி முற்பகல் 11 மணியளவில், வண்டி நலமாய் இறங்கிய செய்தி வந்தது. குறித்த மையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் தொலைவிலே அது நின்றது.

விளைவு என்ன? வண்டி மலையை நோக்கிப் புறப்படுமுன், எதிர்த்திசையில் அரைக் கிலோமீற்றரளவு சென்று சேற்றுப் பாறையொன்றைத் துளைத்தது. மிகுந்த உவர்ப்போ புளிப்போ இல்லாத ஏரி நீர் அங்கு நின்றதென 2013 இல் அறியப்பட்டது. மலையின் அடிப்படைகள் ஏரிகளில் உண்டானவை என 2015 இல் வெளியிடப்பட்டது. மேலே ஏறியபோது காற்று அமைத்த மணற்படைகளும் எதிர்ப்பட்டன. எனவே, ஐயுற்றவர் கூற்றும் முற்றிலும் பிழையன்று. 2013 இல் துளைத்தெடுத்த ஒரு பாறைத் தூளிலிருந்து, அதுவரை செவ்வாயிற் கண்டவற்றுள் மிகப் பெரிய சேதன மூலக்கூறுகள் 2025 இல் இனங்காணப்பட்டன. இது உயிர் இருந்ததற்குச் சான்றன்று. உயிர் இருந்திருப்பின் அதன் சுவடும் அங்கே அழியாது தங்கியிருக்கக் கூடும் என்பதற்குச் சான்று. மறுபுறம், கூரிய கற்கள் வண்டியின் சில்லுகளைக் கிழித்தன. அதனை மேலிருந்து எடுத்த எந்தப் படமும் முன்னறிவிக்கவில்லை.

நம் இளைஞர்கள் இவ்வரலாற்றிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தேர்வுக்குரிய விடை முன்னரே தெரிந்த கேள்வியையே அவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். பாடத் தெரிவிலும் வாழ்க்கைத் தெரிவிலும் ஐயமற்ற ஒரு பக்கத்தையே நாடுகின்றனர். பாதுகாப்பை இகழ்தல் அறிவுடைமையன்று. நான்கு இடங்களும் பாதுகாப்பானவை எனத் தெளிந்த பின்னரே அவ்வறிஞர்கள் தெரிவு செய்தனர். ஆனால், அத்தெளிவு கிடைத்தபின் அவர்கள் நாடியது எளிய விடையை அன்று. நெடுநாள் கற்பதற்கு இடந்தரும் மலையையே நாடினர். 2012 இல் இறங்கிய அவ்வண்டி, பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அம்மலையிற் படைபடையாய் ஏறிக்கொண்டே இருக்கின்றது. இடனறிதலின் பயன் அதுவே என்பது என் துணிபு.