கேம்ஷாப்டும் காரின் குரலும்



சிவப்பு விளக்கைக் கண்டு கார்கள் வரிசையாக நிற்கின்றன. மற்ற வண்டிகள் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தாளம் தப்பிய தவிலைப்போல விட்டுவிட்டு உறுமுகிறது. வண்டியின் உடலே அசைகிறது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்று முதியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இளைஞர்களோ ஆசையோடு திரும்பிப் பார்க்கிறார்கள். புகைக்குழாயை மாற்றியிருப்பார்கள் என்பதுதான் பலருடைய எண்ணம். புகைக்குழாய் ஒலியைக் கூட்டும், குறைக்கும், கரகரப்பாக்கும், அவ்வளவுதான். அந்தத் தடுமாறும் நடை பெரும்பாலும் எஞ்சினுக்குள்ளே, கேம்ஷாப்ட் என்னும் தண்டில் பிறக்கிறது. அந்த ஒலியை விரும்பியே கேம்ஷாப்டை மாற்றுகிறவர்களும் உண்டு. அதற்கு அவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதையும் இன்று பார்ப்போம்.

கேம்ஷாப்ட் ஓர் இரும்புத் தண்டு. அதன் நெடுகிலும் முட்டை வடிவப் புடைப்புகள் உண்டு. தண்டு சுழலும்போது புடைப்பின் கூர்ப்பகுதி வந்து வால்வைத் தள்ளித் திறக்கிறது. அது கடந்து போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. கலவையை உள்ளே விடும் வால்வு ஒன்று, புகையை வெளியே விடும் வால்வு மற்றொன்று. எஞ்சின் இரண்டு முறை சுற்றினால் கேம்ஷாப்ட் ஒரு முறை சுற்றும். எந்த வால்வு எப்பொழுது திறக்க வேண்டும், எவ்வளவு உயரம் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் புடைப்பின் வடிவத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

புகைக்குழாய் ஒலியின் மூலப்பொருள் என்ன? சிலிண்டருக்குள் எரிந்த வாயு, பிஸ்டனைத் தள்ளி முடித்த பிறகும் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தோடு இருக்கிறது. புகை வால்வு திறந்தவுடன் அது வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த அடிதான் ஒலி. பிஸ்டன் அடித்தளத்தை அடைவதற்குச் சுமார் 50 டிகிரி முன்னதாகவே சாதாரண வண்டியில் புகை வால்வு திறக்கத் தொடங்கும். பந்தயக் கேம்ஷாப்டில் இது 75, 80 டிகிரி வரை முன்னேறும். முன்னதாகத் திறந்தால் உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் அதிகம். ஆகவே அடியும் கூர்மையாக விழுகிறது.

ஆனால் அந்த விட்டுவிட்டு உறுமும் நடைக்குக் காரணம் வேறு. புகை முழுவதும் வெளியேறும் முன்பே, கலவை வால்வு திறக்கத் தொடங்கிவிடுகிறது. சிறிது நேரம் இரண்டு வால்வுகளும் சேர்ந்தே திறந்திருக்கும். பட்டறைகளில் இதனை ஓவர்லேப் என்பார்கள். குடும்ப வண்டியில் இது 20 முதல் 40 டிகிரி வரை இருக்கலாம். பந்தயக் கேம்ஷாப்டிலோ 80-ஐத் தாண்டும்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலும் பின்வாசலும் திறந்திருக்கின்றன. வெளியே நல்ல காற்று வீசினால், சமையற்கட்டுப் புகை பின்வாசல் வழியே பறந்துவிடும். முன்வாசல் வழியே புதுக்காற்று நுழையும். காற்றே இல்லாத நேரத்தில் இரண்டு கதவும் திறந்திருந்து பயன் என்ன? புகை கூடத்துக்கே திரும்பி வரும். எஞ்சினிலும் இதுதான் நடக்கிறது. நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்றில் ஓடும்போது, வெளியேறும் புகையின் வேகமே புதுக் கலவையையும் தன் பின்னே இழுத்துக்கொள்கிறது. ஓவர்லேப் அங்கே வரம். எண்ணூறு சுற்றில், வண்டி நின்ற நிலையில் ஓடும்போது, கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் கலவைக் குழாயில் வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடம் புகையையே உள்ளே இழுத்துவிடுகிறது. புகை கலந்த கலவை சரியாக எரிவதில்லை. ஒரு முறை மந்தமாக எரியும். ஒரு முறை எரியாமலே போகும். அடுத்த முறை பலமாக எரியும். பலமும் பலவீனமும் மாறி மாறி வருவதைத்தான் நம் காது உறுமல் என்று கேட்கிறது.

இந்த ஒலியின் தாயகம் அமெரிக்கா. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1953-ஆம் ஆண்டு சேர்ந்த பொறியாளர் சோரா ஆர்க்கஸ்-டண்டோவ், செவ்ரோலே நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்காக வேகத்துக்கேற்ற ஒரு கேம்ஷாப்டை வடிவமைத்தார். 1956-ஆம் ஆண்டு ஜனவரியில் டேட்டோனா கடற்கரை மணலில், கொர்வெட் வண்டியைத் தாமே ஓட்டி, மணிக்கு 150 மைலைத் தாண்டினார். அவர் பெயரைத் தாங்கிய கேம்ஷாப்டுகள் பின்னும் வந்தன. 1967-ஆம் ஆண்டுக்குரிய கமாரோ இசட்-28 வண்டியில் இருந்தது அவற்றுள் ஒன்று. பந்தய விதியின் ஐந்து லிட்டர் வரம்புக்கு உட்பட்டுச் செய்த எஞ்சின் அது. நின்றால் தடுமாறும், ஓடினால் பாடும் என்று பெயர் வாங்கியது. அந்தத் தடுமாற்றத்தை யாரும் ஒலிக்காகச் செய்யவில்லை. வேகத்துக்காகச் செய்ததன் பக்கவிளைவு அது. பின்னால் வந்தவர்கள் விளைவை விட்டுப் பக்கவிளைவைப் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினின் கடகடப்பு முழுவதும் கேம்ஷாப்டால் வருவதன்று. செவ்ரோலே எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் மறுபக்கம். வரிசையைப் பாருங்கள்: 8-உம் 4-உம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எரிகின்றன; 5-உம் 7-உம் அப்படியே. ஆகவே ஒவ்வொரு பக்கத்துப் புகைக்குழாயிலும் அடிகள் சம இடைவெளியில் விழுவதில்லை. சாதுவான கேம்ஷாப்ட் இருந்தாலும் அந்தக் கடகடப்பு உண்டு. நான்கு சிலிண்டர் வண்டிக்காரர் எந்தக் கேம்ஷாப்டைப் போட்டாலும் அந்தக் குரல் வராது. வண்டி தடுமாறும், அவ்வளவுதான்.

கேம்ஷாப்ட் ஒலியை மாற்றுகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஜப்பானிலிருந்து வந்தது. 1989-ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் இன்டெக்ரா வண்டியில் விடெக் எஞ்சினைப் பொருத்தியது. ஒரே கேம்ஷாப்டில் சாதுவான புடைப்புகளும் உண்டு, முரட்டுப் புடைப்பும் உண்டு. ஏறத்தாழ ஐயாயிரம் சுற்றைத் தாண்டியதும், எண்ணெயின் அழுத்தம் ஒரு சிறு முளையைத் தள்ளி, வால்வுகளை முரட்டுப் புடைப்பிடம் ஒப்படைக்கிறது. அதே எஞ்சின், அதே புகைக்குழாய். ஆனால் குரல் ஒரு நொடியில் மாறிவிடுகிறது. காற்றை உறிஞ்சும் வாயிலிலும் அந்த மாற்றம் கேட்கும். மலேசியாவின் புரோட்டோன் நிறுவனமும் 2008-ஆம் ஆண்டு தன் கெம்புரோ சிபிஎஸ் எஞ்சினில் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

இப்பொழுது விலைக்கு வருவோம். பெரிய கேம்ஷாப்டால் குறைந்த சுற்றில் இழுவை குறையும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். அவை பணத்தோடு போகிறவை. பிரேக் அப்படிப்பட்டதன்று. நாம் பிரேக்கை மிதிக்கும்போது நமக்குத் துணை நிற்கும் பூஸ்டர், பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் கலவைக் குழாயின் வெற்றிடத்தால்தான் வேலை செய்கிறது. நல்ல நிலையிலுள்ள சாதாரண எஞ்சின் நின்ற நிலையில் சுமார் 18 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் தரும். ஓவர்லேப் பெருத்த கேம்ஷாப்டில் அது 10-க்கும் கீழே இறங்கக்கூடும். நெரிசலில் இரண்டு முறை மிதித்தபின், மூன்றாம் முறை பெடல் கல்லாக நிற்கும். உறுமலை ரசித்துக்கொண்டு முன்வண்டியை நெருங்குகிறவருக்கு அந்த நேரம் எப்படியிருக்கும்? வெற்றிடத்தைச் சேமிக்கும் கலமோ, மின்சாரத்தால் இயங்கும் பம்போ வைத்தால் இதைச் சரிசெய்யலாம். கேம்ஷாப்டை மாற்றும் பட்டறை இதைப்பற்றிப் பேசவே இல்லையென்றால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. வால்வு உயரமாகத் திறப்பதால் பிஸ்டனில் மோதுமா என்றும் அளந்து பார்க்க வேண்டும்; மோதினால் எஞ்சினே போய்விடும்.

ஒலி மட்டும் போதும் என்பவர்களுக்கு இப்பொழுது வேறொரு வழியும் வந்திருக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில், தீப்பொறி விழும் நேரத்தை நின்ற நிலையில் மட்டும் முன்பின்னாக மாற்றி, பழைய கேம்ஷாப்டையே தடுமாற வைக்கிறார்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் அந்த உறுமல் மறைந்து, வண்டி தன் சொந்தக் குரலுக்குத் திரும்பிவிடுகிறது.