இரத்த தானம்: ஒரு நாள் விழாவா, வாழ்நாள் பழக்கமா?

(நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளர்கள், அரசு அலுவலர்கள், மாணவத் தொண்டர்கள் ஆகியோருக்காக நடைபெற்ற பயிற்சி வகுப்பில், இரத்த மையம் ஒன்றின் பொறுப்பு மருத்துவர் நிகழ்த்திய உரை.)



இரத்த தானத்தின் பெருமையை உங்களுக்கு எடுத்துரைக்க நான் வரவில்லை. இங்கு அமர்ந்திருப்போரில் பலர் முகாம்களை நடத்தியவர்கள். சிலர் பலமுறை இரத்தம் அளித்தவர்கள். முகாம் முடிந்து, பந்தல் பிரிக்கப்பட்டு, புகைப்படம் எடுப்பவரும் சென்ற பிறகு என்ன நடைபெறுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தானமாகப் பெற்ற இரத்தத்தை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பாதுகாப்புக் கரைசலில் 35 நாட்கள் வைத்திருக்கலாம். சிவப்பணுக்களைத் தனியே பிரித்து, வேறொரு சத்துக் கரைசலைச் சேர்த்தால் 42 நாட்கள் தாங்கும். தட்டணுக்களின் ஆயுளோ வெறும் 5 நாட்கள். உறைய வைத்த பிளாஸ்மா மட்டுமே ஓராண்டு வரை நிற்கும்.

ஒரு மாவட்ட மருத்துவமனை நாளொன்றுக்கு 10 அலகு இரத்தத்தைச் செலவிடுகிறது என்று கொள்வோம். ஒரு தலைவரின் பிறந்த நாளன்று பெருந்திரளாக இளைஞர்கள் கூடி 600 அலகுகளை வழங்கிவிடுகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வெளிவருகிறது. 35 நாட்களில் மருத்துவமனை பயன்படுத்துவது 350 அலகுகள். பிற மருத்துவமனைகளுக்கு உரிய காலத்தில் அனுப்பப்படாவிட்டால் எஞ்சிய 250 அலகுகளையும் அழிக்க வேண்டியதுதான். முப்பத்தாறாம் நாள் குளிர்பதனப் பெட்டி காலியாக இருக்கும். இதைவிடத் துயரமானது ஒன்று உண்டு. அன்று இரத்தம் அளித்த இளைஞர்கள் விரும்பினாலும் மீண்டும் அளிக்க முடியாது. ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ஆகவே, ஏறத்தாழ இரண்டு மாத காலம் பெட்டியிலும் இரத்தம் இல்லை, ஊரில் கொடுக்கத் தகுதியுள்ளவர்களும் இல்லை என்னும் நிலை ஏற்படுகிறது. இது எளிமைப்படுத்தப்பட்ட கணக்கே ஆயினும், இரத்த மையத்தில் பணிபுரியும் எவரும் இதை வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டார்.

‘இரத்த வங்கி’ என்ற பழைய பெயர்கூட ஓரளவு தவறான எண்ணத்தை வளர்த்துவிட்டது என்பது என் கருத்து. வங்கியில் போட்ட பணம் வட்டியோடு பெருகும்; இரத்தமோ நாள்தோறும் மூப்படையும் பொருள். 2020ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியபோது அரசு ‘இரத்த மையம்’ என்று பெயரை மாற்றியது பொருத்தமே.

இன்று நாம் வந்தடைந்துள்ள நிலையின் அருமையை உணர வேண்டுமானால், கடந்து வந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். மனித இரத்தம் வெவ்வேறு வகைகளைச் சார்ந்தது என்பதை ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கார்ல் லாண்ட்ஸ்டைனர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே இன்று உலக இரத்த தானம் செய்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போரில் காயமுற்றோருக்காகக் கல்கத்தாவில் இரத்த வங்கி இயங்கியது. போர் முடிந்தது, கொடுப்பவர்களின் ஊக்கமும் குறைந்தது. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தாம் இரத்தம் விற்போர்.

பம்பாயில் 1954ஆம் ஆண்டு முதல் சமூகத் தொண்டர் லீலா மூல்காவ்கர் அம்மையார் தன்னார்வ இரத்த தான இயக்கத்தை நடத்தினார். சண்டிகரில் பேராசிரியர் ஜே. ஜி. ஜாலி அவர்கள், இரத்தம் விற்பனைப் பொருளாகாமல் ஒரு நகரின் தேவையை நிறைவு செய்ய முடியும் என்பதை நடைமுறையில் காட்ட முயன்றார். அவரும் அவரைச் சார்ந்த அமைப்பினரும் மேற்கொண்ட முயற்சியால் 1975 முதல் அக்டோபர் 1ஆம் நாள் தேசியத் தன்னார்வ இரத்த தான நாளாக அனுசரிக்கப்படுகிறது. அதே 1975இல் உலக சுகாதாரப் பேரவையும், ஊதியம் பெறாத தன்னார்வக் கொடையை அடிப்படையாகக் கொண்டு இரத்தப் பணிகளை வளர்க்குமாறு நாடுகளைக் கேட்டுக் கொண்டது.

ஆனால் தீர்மானங்கள் நிறைவேறிய பிறகும் விற்பனை நிற்கவில்லை. அரைகுறை உணவுடன் வாழ்ந்த ஏழைகள், குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் தம் இரத்தத்தை விற்றார்கள். வாங்கியவருக்குக் கிடைத்தது நீர்த்துப் போன இரத்தம்; விற்றவருக்கு மிஞ்சியது சோகை. இதில் ஒழுக்கக் குறைவைக் காண்பதைவிட, செயல்படும் விதத்தைக் காண்பதே நமக்குப் பயன் தரும். இரத்தத்தைக் கொடுத்தால்தான் அன்றைய உணவு என்ற நிலையில் இருப்பவரிடம், “உமக்கு மஞ்சட்காமாலை வந்ததுண்டா?” என்று கேட்டால் அவர் எவ்வாறு உண்மை சொல்வார்? பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் 1970இல் வெளியிட்ட நூலில், பிரிட்டனின் கொடை முறையையும் அமெரிக்காவில் நிலவிய விற்பனை முறையையும் ஒப்பிட்டு, பணம் புகும் இடத்தில் உண்மை மறைக்கப்படுகிறது என்ற இதே கருத்தை விரிவாக ஆராய்ந்தார்.

1986இல் எச்.ஐ.வி. நோய்க்கிருமியின் தொற்று இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. 1989 முதல் தானமாகப் பெறும் ஒவ்வோர் அலகையும் அக்கிருமிக்காகச் சோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு தொடுத்த பொது நல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் அளித்த தீர்ப்பே திருப்புமுனையாக அமைந்தது. தேசிய இரத்தமேற்றுதல் மன்றம் தோன்றியது. 1998 ஜனவரி 1 முதல் பணத்திற்காக இரத்தம் கொடுக்கும் முறை தடை செய்யப்பட்டது. 2002இல் தேசிய இரத்தக் கொள்கை வெளியிடப்பட்டது.

தடை வந்ததும் தீமை அடியோடு மறைந்ததா? மருத்துவமனை வாயில்களில் நிற்பவர்கள் விடையறிவார்கள். “உங்கள் நோயாளிக்கு இரண்டு அலகு வேண்டும், ஈடாக இருவரை அழைத்து வாருங்கள்” என்று குடும்பத்தினரிடம் கூறும் வழக்கம் இன்னும் பல இடங்களில் நீடிக்கிறது. கிராமத்திலிருந்து பிரசவத்திற்காக மனைவியை அழைத்து வந்த கூலித் தொழிலாளி, அறிமுகமில்லாத நகரில் இரவு பத்து மணிக்கு யாரைத் தேடுவார்? தரகர் ஒருவர் நிச்சயம் அவரைத் தேடி வருவார். வெளியில் பணம் கைமாறும். உள்ளே படிவத்தில் ‘சித்தப்பா மகன்’ என்று எழுதப்படும். சட்டம் விற்பனையைத் தடுத்தது. பற்றாக்குறையோ அதை உறவு என்னும் போர்வையில் திரும்பவும் கொண்டு வருகிறது. ஆகவே தரகரை ஒழிக்கும் வழி காவலரிடம் மட்டும் இல்லை. தேவைக்கேற்ற இரத்தம் முன்கூட்டியே பெட்டியில் இருக்குமாயின், அவருக்கு வேலையே இராது.

“எல்லா இரத்தத்தையும்தான் சோதிக்கிறீர்களே, யார் கொடுத்தால் என்ன?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் பி, சி வகைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கான சோதனைகள் கட்டாயம் நடைபெறுகின்றன. ஆனால் கிருமி உடலில் புகுந்த முதல் சில நாட்களில் எந்தச் சோதனையும் அதைக் காட்டிக் கொடுக்காத ஒரு காலம் உண்டு. அக்காலத்தில் நமக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, கொடுப்பவர் கேள்விகளுக்குக் கூறும் உண்மையான விடைதான். ஆண்டிற்கு மூன்று, நான்கு முறை வந்து செல்பவரின் இரத்தம் பலமுறை சோதிக்கப்பட்டது. அவருக்குக் கேள்விகளும் பழகியவை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை. ஐயம் தோன்றினால், “இம்முறை வேண்டாம், அடுத்த முறை வருகிறேன்” என்று கூசாமல் எழுந்து செல்வார். சகோதரனின் உயிருக்காக ஓடி வந்தவரால் அவ்வாறு எழுந்து செல்ல இயலுமா?

தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயுடன் நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 10,000 குழந்தைகள் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. நோய் கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். சற்று வளர்ந்த ஒரு சிறுவனுக்கு மாதம் 2 அலகு தேவை என்று கொண்டால், ஆண்டிற்கு 24 அலகுகள் ஆகின்றன. ஆண்டில் 4 முறை தவறாமல் கொடுக்கும் ஆண்கள் 6 பேர், அல்லது 3 முறை கொடுக்கும் பெண்கள் 8 பேர் அவன் பின்னால் நிற்க வேண்டும். இச்சிறுவனின் நோய் அக்டோபர் 1ஆம் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. மே மாத விடுமுறையில் ஓய்வெடுப்பதும் இல்லை. ஆனால் நம் முகாம்கள் இவ்விரண்டையும் செய்கின்றன. கல்லூரிகள் மூடப்படும் கோடையிலும் தேர்வுக் காலத்திலும் வரத்து சுருங்குகிறது. மழைக்குப் பின் டெங்குக் காய்ச்சல் பரவும்போது தட்டணுக்களின் தேவை திடீரென ஏறுகிறது.

பழக்கமான கொடையாளர்களின் மதிப்பை உணர்த்த இன்னொரு சான்று கூறுகிறேன். 1952இல் மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் ‘பம்பாய் வகை’ என்னும் அரிய இரத்த வகையைக் கண்டறிந்தனர். மேம்போக்கான சோதனையில் இது ‘ஓ’ வகை போலத் தோன்றும். ஆனால் ‘ஓ’ வகை இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பம்பாய் வகையினருக்குப் பம்பாய் வகை இரத்தமே பொருந்தும். மும்பைப் பகுதியில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இவ்வகை உண்டு என்பர். அத்தகையவருக்கு அவசரம் நேரும்போது, ஆயிரம் பேர் கூடும் முகாமால் பயனில்லை. பதிவேட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் சரியாக உள்ள, அழைத்தால் வரும் இரண்டு பேர் போதும்.

அச்சத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. வயது வந்தவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உள்ளது. நாம் பெறுவது எடைக்கேற்ப 350 அல்லது 450 மில்லி லிட்டர். இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் ஈடுசெய்யப்படும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்பும். இரும்புச் சத்து மீளத்தான் அதிக காலம் ஆகும். இடைவெளி விதியின் காரணமும் அதுவே. 18 முதல் 65 வயதுக்குட்பட்டு, குறைந்தது 45 கிலோ எடையும், 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள, உடல்நலமுடைய எவரும் தகுதியுடையவர்.

இங்கு மாணவிகளைப் பற்றி ஒரு சொல். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். ஆகவே ஆர்வத்துடன் வரிசையில் நிற்கும் மாணவிகள் பலர், விரல் நுனிச் சோதனைக்குப் பின் திருப்பி அனுப்பப்படுகின்றனர். பெரும்பாலான முகாம்களில் அவர்களுக்குக் கூறப்படுவது “உங்களுக்கு இரத்தம் குறைவு” என்ற மூன்றே சொற்கள். பிறருக்கு உதவ வந்த பெண், தான் குறைபாடுடையவள் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகிறாள். இது நாம் மாற்றிக் கொள்ள வேண்டிய நடைமுறை. அதே மேசையில் அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும், உணவு பற்றிய அறிவுரையும், மூன்று மாதம் கழித்து மறுசோதனைக்கான தேதியும் கொடுப்பதில் என்ன சிரமம்? அவள் பின்னர் இரத்தம் கொடுக்காவிட்டாலும் குற்றமில்லை. அவளுடைய பிரசவம் இடரின்றி நடைபெறுமாயின், நமக்கு அதுவே சில அலகுகள் மிச்சமாவதற்கு ஒப்பாகும்.

கொடுத்து முடித்தவர்களையும் நாம் சரியாகக் கவனிப்பதில்லை. சிற்றுண்டி தந்து பதினைந்து நிமிடங்கள் அமரச் செய்கிறோம். அந்நேரம் சான்றிதழுடன் படம் எடுப்பதில் கழிந்துவிடுகிறது. அடுத்து எந்தத் தேதிக்குப் பிறகு அவர் வரலாம் என்பதை அட்டையில் எழுதிக் கொடுப்பவர் அரிது. சில அமைப்பினர் கூட்டம் சேர்க்கப் பாத்திரங்களும் பைகளும் பரிசளிக்கிறார்கள். இது எனக்கு உடன்பாடன்று. வெளியேற்றிய பணம் பொருள் வடிவில் திரும்ப நுழைவதற்கு இது வழி செய்யும். நன்றிக் கடிதம் ஒன்று, இயன்றால் “உங்கள் இரத்தம் இன்று பயன்பட்டது” என்ற ஒரு வரிச் செய்தி, இவை போதுமானவை.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். மத்திய அரசு ஊழியர்கள், அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் வேலை நாளில் இரத்தம் அளித்தால், தக்க சான்றின் பேரில் ஆண்டிற்கு 4 முறை வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு பெறலாம். இச்சலுகையைப் பல அலுவலகங்களில் ஊழியரும் அறியார். விடுப்பை அனுமதிக்க வேண்டியவரும் அறியார். சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள்.

கல்லூரிகளுக்கு நான் கூறும் யோசனை எளியது. ஒரே நாளில் 300 பேரை வரவழைக்காமல், அந்த 300 பேரையும் பன்னிரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். வாரம் ஒரு குழுவாக 25 பேர் வரட்டும். பன்னிரண்டாம் வாரம் முடிந்து மேலும் ஒரு வாரம் விட்டால், முதற்குழுவின் ஆண்கள் 90 நாட்களைக் கடந்து மீண்டும் தகுதி பெற்றிருப்பார்கள். பெண்களுக்கு மட்டும் முறை சற்றுத் தள்ளி வரும். தேர்வு, விடுமுறைக் காலங்களுக்கு உள்ளூர் அலுவலகங்கள், ஆலைகள், முன்னாள் மாணவர்கள் ஆகியோரின் குழுக்களை இடையில் சேர்த்துக் கொள்ளலாம். முகாமுக்கு நாள் குறிக்கும் முன் அருகிலுள்ள மையத்தைத் தொடர்பு கொண்டு, எந்த வகை இரத்தம், எத்தனை அலகு, எந்த வாரம் தேவை என்று கேட்டறியுங்கள். இதற்கு ஒரு தொலைபேசி அழைப்பைத் தவிர வேறு செலவில்லை.

பிற்பகல் அமர்வில் ஒவ்வொரு கல்லூரியின் நாட்காட்டியையும் மாவட்ட மையத்தின் தேவைப் பட்டியலையும் அருகருகே வைத்து அட்டவணை தயாரிக்க இருக்கிறோம். ஜூன் வரையிலான தேர்வுத் தேதிகளை உடன் எடுத்து வாருங்கள். தொடங்க வேண்டியது அந்த மாதங்களிலிருந்துதான்.